பெட்டிக்குள் ஒரு கவிச் சங்கம்

1935-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி, போர்ச்சுகல் தேசத்துத் தலைநகரான லிஸ்பனில், ஓர் ஆஸ்பத்திரியில், 47 வயதுள்ள ஒரு கனவான் காலமானார். வியாபாரக் கம்பெனிகளுக்கு இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் கடிதங்கள் எழுதிக் கொடுப்பது அவருடைய ஜீவனம். கலியாணம் ஆகாதவர். கறுப்புத் தொப்பி, வட்டமான மூக்குக் கண்ணாடி, சிறு மீசை. காபிக் கடையின் மூலையில் அவர் உட்கார்ந்திருந்தால் இரண்டாம் முறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தாய்பாஷையில் அவர் வெளியிட்டிருந்த கவிதைப் புஸ்தகம் ஒன்றே ஒன்று. அதுவும் மரணத்துக்கு ஒரு வருஷத்துக்கு முன்புதான் வெளிவந்தது. போகும்போது அவர் விட்டுச் சென்ற ஆஸ்தி என்னவென்றால், ஒரு பெரிய மரப்பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் 25,000-க்கு மேற்பட்ட காகிதங்கள் இருந்தன. கம்பெனிக் கடிதத் தாள்களின் பின்புறத்திலும், உறைகளின் மேலும், கிடைத்த துண்டுக் காகிதங்களிலும் எழுதப்பட்ட கவிதைகள், கட்டுரைகள், நாடகங்கள், ஜாதகங்கள். ஆனால் இவை ஒரு மனிதருடைய எழுத்தாகத் தோன்றவில்லை. ஒரு கட்டில் ஆடு மேய்க்கும் எளிய மனிதரின் பேச்சு. அடுத்த கட்டில் ஹொரேஸ் என்ற லத்தீன் மகாகவியின் வழியில் அளந்து எழுதும் வைத்தியர் ஒருவரின் செய்யுள். அதற்கடியில் யந்திரங்களைப் பார்த்து வெறி கொண்டு கூவும் கப்பல் என்ஜினீயர் ஒருவரின் கவிதை. ஜன்னல் வழியே தினமும் காணும் இரும்பு வேலைக்காரன் ஒருவனுக்குக் கூன் விழுந்த ஒரு பெண் எழுதிய, ஒரு நாளும் அனுப்பப்படாத காதல் கடிதங்கூட அதில் இருந்தது. இத்தனை பேருடைய எழுத்தையும் எழுதிய கை ஒன்றே. அந்தக் கனவானின் பெயர் பெர்னாண்டோ பெஸோவா.

இந்தக் கற்பனை எழுத்தாளர்களைக் கணக்கெடுக்க அறிஞர்கள் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். 1990-இல் ஓர் அம்மையார் 72 பேர் என்று கணக்கிட்டார். 2013-இல் வேறு இரு பதிப்பாசிரியர்கள் வெளியிட்ட தொகுப்பில் அந்தத் தொகை 136-ஆக ஏறிவிட்டது. ஜனத்தொகைக் கணக்கைப் போல இதுவும் வளர்ந்துகொண்டே போகிறது! இவர்களிற் சிலர் இரண்டொரு வரி எழுதிவிட்டு மறைந்தவர்கள். ஆனால் மூவர் மட்டும் எந்தத் தேசத்து இலக்கியத்திலும் தனித்தனியே சிம்மாசனம் போட்டு உட்காரத் தக்கவர்கள். அவர்களைப் பற்றியும், அவர்களைப் பெற்றெடுத்ததற்கு அந்த மனிதர் கொடுத்த விலையைப் பற்றியும் நேயர்களுக்குக் கொஞ்சம் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

புனைபெயர் நமக்குப் புதிதல்ல. பாரதியார் ‘ஷெல்லிதாஸ்’ என்று கையெழுத்துப் போட்டதுண்டு. அதனால் அவர் வேறு மனிதராகிவிடவில்லை. ஒரே மனிதர் வேறு அங்கவஸ்திரம் அணிந்துகொண்டார், அவ்வளவுதான். பெஸோவாவின் விஷயம் அப்படியன்று. புனைபெயரில் எழுதுபவன் தன்னையே எழுதுகிறான், பெயர் மட்டும் வேறு; தாம் செய்வது தம்மை விட்டு வெளியேறி வேறொரு மனிதனாக நின்று எழுதுவது என்று 1928-இல் ஒரு குறிப்பில் அவரே பாகுபாடு செய்து காட்டினார். அம்மனிதர்களுக்குப் பிறந்த ஊர், படிப்பு, உயரம், தலைமயிரின் நிறம், மதம், அரசியல் எல்லாம் உண்டு. ஜாதகமுங்கூட உண்டு! பெஸோவாவுக்கு ஜோசியத்தில் அபார நம்பிக்கை. தாம் படைத்தவர்களுக்கு ஜனன காலம் குறித்துச் சக்கரம் போட்டு வைத்திருந்தார். கப்பல் என்ஜினீயர் 1890-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி பகல் ஒன்றரை மணிக்குப் பிறந்தவர் என்று எழுதி, அந்த வேளைக்குப் போட்ட ஜாதகம் சரியாகவே இருக்கிறது என்று ஒரு நண்பருக்குத் திருப்தியோடு தெரிவித்தார். பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் கணித்து அதன் பலனையும் சரிபார்த்த மனிதர் உலகில் வேறு எவராவது உண்டா என்று நான் அறியேன்.

இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது? மிகச் சிறு வயதில். 1888-ஆம் வருஷம் ஜூன் 13-ஆம் தேதி லிஸ்பனில், ஸங்கீத நாடக அரங்கொன்றின் எதிர்வீட்டில் அவர் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர்; பத்திரிகைக்கு ஸங்கீத விமரிசனமும் எழுதி வந்தார். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது, 1893-இல், அவர் க்ஷயரோகத்தால் மாண்டார். ஆறு மாதத்துக்குள் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் போய்விட்டது. வீட்டில் தாயாரும், சித்தம் கலங்கிய பாட்டியும், இந்தச் சிறுவனும். அந்தக் காலத்தில்தான் ‘ஷெவாலியே த பா’ என்ற ஒரு பிரெஞ்சுப் பிரபு அவனுக்குச் சிநேகிதரானார். அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. ஆறு வயதுக் குழந்தை அவர் பெயரால் தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொண்டது.

பிறகு தாயார் மறுவிவாகம் செய்துகொண்டார். மாப்பிள்ளை தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் போர்ச்சுகீசிய ராஜாங்கப் பிரதிநிதி. 1896-ஆம் வருஷ ஆரம்பத்தில் தாயும் பிள்ளையும் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். டர்பன் என்றவுடன் தமிழ் வாசகர்களின் காது நிமிரும். நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நேட்டால் நாட்டுத் துறைமுகமல்லவா அது? 1897-ஆம் வருஷம் ஜனவரி 13-ஆம் தேதி மோகனதாஸ் காந்தி கப்பலிலிருந்து இறங்கி நடந்தபோது வெள்ளைக்காரக் கும்பல் ஒன்று அவரைக் கல்லாலும் முட்டையாலும் அடித்து உதைத்ததே, அதே ஊரில் அன்றைக்கு எட்டு வயதுப் பையனாகப் பெஸோவா இருந்தார். 1903-ஆம் வருஷம் அதே டர்பனில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை தமிழ்ப் பகுதியோடு அச்சேறியது. அதற்கு முந்திய வருஷமே இந்தப் பையன், வீட்டோடு போர்ச்சுகலுக்கு விடுமுறைக்குப் போயிருந்த சமயத்தில், ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தான். ஆசிரியர், உதவியாசிரியர், விகட எழுத்தாளர், கவிராயர் என்று பலர் அதில் எழுதினார்கள். அத்தனை பேரும் அவனே!

அவன் பார்த்த டர்பனில் இந்தியர்கள் தெருவெல்லாம் நடமாடினார்கள். ஆயினும் அவர் பிற்காலத்தில் எழுதிக் குவித்த கவிதைகளில் ஆப்பிரிக்கா அபூர்வமாகவே தென்படுகிறது. நூறு மனிதர்களாக மாறத் தெரிந்தவருக்கு, பக்கத்துத் தெருவில் மூட்டை சுமந்து போன மனிதனாக மாறத் தோன்றவில்லை. இதை ஒரு குறையாகவே நான் கருதுகிறேன். ஆனால் காந்தியடிகளை அவர் மறந்துவிடவில்லை. முற்றுப்பெறாத ஒரு குறிப்பில் அவரை மிகவும் உயர்வாக மதித்து எழுதியிருக்கிறார். அதுவும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

டர்பன் ஹைஸ்கூலில் அவர் இங்கிலீஷும் லத்தீனும் கசடறக் கற்றார். 1903-இல் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீக்ஷை எழுதிய 899 பேரில் மிகச் சிறந்த ஆங்கிலக் கட்டுரைக்கான விக்டோரியா மகாராணி ஞாபகார்த்தப் பரிசு இந்தப் போர்ச்சுகீசியப் பையனுக்குக் கிடைத்தது. அந்நிய பாஷையில் அந்த பாஷைக்காரர்களையே தோற்கடிப்பது நம் நாட்டிலும் பலர் செய்த காரியந்தான். ஆனால் அதற்கு ஒரு கூலி உண்டு. வீட்டில் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷை என்று வளரும் பிள்ளை, எந்த பாஷையில் ‘நான்’ என்று சொல்லும்போது உண்மையாகவே நான் என்று சொல்கிறோம் என ஒரு நாள் திகைக்காமல் இருப்பதில்லை. பெஸோவா இங்கிலீஷில் எழுதும்போது ‘அலெக்ஸாண்டர் ஸெர்ச்’ என்ற வேறு பெயரையே சூடிக்கொண்டார். ‘ஸெர்ச்’ என்றால் தேடல் என்று பொருள்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் மழையைப் பற்றி வியாசம் எழுதச் சொன்னேன். ஒரு பையன் மூன்று பக்கம் எழுதி வந்தான். முதற் பக்கத்தில் மழையைக் கண்டு மகிழும் குடியானவன் பேசுகிறான். இரண்டாம் பக்கத்தில் உப்பளத்துக் கூலிக்காரன் அதே மழையைச் சபிக்கிறான். மூன்றாவதில் கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரங்களை நகர்த்தி நகர்த்தி வைக்கும் ஒரு பாட்டி. நான் சிவப்பு மையால், “இதில் உன் கருத்து எது? சொந்தமாக எழுது” என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவன் பாடப் புஸ்தகத்தில் உள்ளது போல் மழையின் நன்மைகளை ஒரு பக்கம் எழுதி வந்தான். நல்ல மார்க்குப் போட்டேன். பெஸோவாவை இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சிவப்பு மை அடிக்கடி என் ஞாபகத்துக்கு வருகிறது.

பதினேழு வயதில், 1905-இல், அவர் தனியே லிஸ்பனுக்குத் திரும்பினார். மேற்படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டார். பாட்டி வைத்துப் போன பணத்தில் அச்சுக்கூடம் ஆரம்பித்தார். அது ஆரம்பித்த வேகத்திலேயே மூடிப்போயிற்று. பிறகுதான் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதும் வேலை. பாட்டியின் பணத்தோடு பாட்டியின் சித்தப்பிரமையும் தமக்கு வந்து சேருமோ என்ற பயம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. 1907-இல் அவர் செய்த காரியம் கேலிக்கூத்தா, பரிதாபமா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. டாக்டர் பௌஸ்டினோ அந்தூனிஷ் என்ற மனநோய் வைத்தியர் ஒருவரைக் கற்பனை செய்து, அவர் பெயரால் தம்முடைய டர்பன் உபாத்தியாயருக்கும் பழைய சகபாடிக்கும் கடிதம் எழுதினார். “பெர்னாண்டோ பெஸோவா என்பவர் என்னிடம் சிகிச்சையில் இருக்கிறார்; பள்ளியில் அவர் நடத்தை எப்படி இருந்தது?” என்பது அக்கடிதங்களின் சாரம். பதிலும் வந்தது! தாம் யார் என்று பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குக்கூட அவர் வேறொருவராக மாறவேண்டியிருந்தது.

இனி அந்த மூவரைப் பார்ப்போம். அவர்கள் பிறந்த வரலாற்றை மரணத்துக்குப் பத்து மாதத்துக்கு முன், 1935 ஜனவரி 13-ஆம் தேதி, கஸாயிஸ் மொண்டேரோ என்ற இளம் விமரிசகருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் பெஸோவாவே விவரித்திருக்கிறார். மாரியோ டி ஸா கார்னேரோ என்ற கவி அவருடைய ஆப்த நண்பர். அவரை ஏமாற்றி விளையாடுவதற்காக, நாட்டுப்புறக் கவிராயர் ஒருவரைச் சிருஷ்டித்து நிஜ மனிதர் போல் அறிமுகம் செய்ய வேண்டுமென்று பெஸோவா சில நாள் முயன்றார். ஒன்றும் வரவில்லை. முயற்சியைக் கைவிட்ட அன்றைக்கு, அதாவது 1914 மார்ச் 8-ஆம் தேதி, உயரமான ஒரு மேஜையறைப் பெட்டியின் அருகே போய் நின்றுகொண்டு காகிதத்தை எடுத்தார். நின்றபடியே முப்பதுக்கு மேற்பட்ட கவிதைகளை ஒரே மூச்சில் எழுதினாராம். எழுதியவர் தாமல்லவென்றும், தமக்குள் தம்முடைய குருநாதர் தோன்றிவிட்டாரென்றும் உணர்ந்தாராம்.

கேட்க மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் கையெழுத்துப் பிரதிகளைப் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்த அறிஞர்கள், அக்கவிதைகள் ஒரே நாளில் எழுதப்பட்டவையல்ல, பல நாட்களில் பல பேனாக்களால் எழுதித் திருத்தப்பட்டவை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே அந்த அற்புத தினமும் ஒரு கற்பனை. எனக்கு இதில் ஏமாற்றமில்லை. தம்முடைய கவிகளுக்கெல்லாம் வாழ்க்கை வரலாறு புனைந்தவர், தமக்கும் ஒன்று புனைந்துகொண்டால் என்ன?

அந்தக் குருநாதர் பெயர் அல்பெர்ட்டோ கயேரோ. 1889-இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்போடு சரி, நீலக் கண்கள், வயதான அத்தைப்பாட்டி ஒருத்தியோடு கிராமத்தில் வாசம், 1915-இல் க்ஷயத்தால் மரணம். பெஸோவாவின் தகப்பனாரும் அதே வியாதியால் போனார் என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். கயேரோவின் மதம் மிக எளியது. பூவுக்குப் பின்னால் தத்துவமும் இல்லை, நதிக்கு அப்பால் இரகசியமும் இல்லை. கண்ணால் காண்பதே பூரணம். அதற்கு அர்த்தம் தேடப் புறப்படுவதுதான் வியாதி. வேதாந்த விசாரத்தில் ஊறிய நமக்கு இது முதலில் முரட்டுத்தனமாகப் படும். படித்துக்கொண்டே போனால், குளிர்ந்த நீரில் முகம் கழுவியது போல் இருக்கும். இறந்துபோன கயேரோ 1915-க்குப் பிறகும் பல வருஷங்கள் கவி எழுதினார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அவருடைய ஆடு மேய்ப்போன் கவிதைகள் அச்சைக் கண்டது 1925-இல்தான்.

குரு தோன்றியதும் சிஷ்யர்கள் தேவைப்பட்டார்கள். ரிக்கார்டோ ரெய்ஸ் வைத்தியர். 1887-இல் ஓப்போர்ட்டோவில் பிறந்து, ஜெஸூயிட் பாதிரிமார் பள்ளியில் லத்தீன் கற்றவர். முடியாட்சிப் பக்ஷத்தவராதலால் 1919 முதல் பிரேஸில் தேசத்தில் தாமே விதித்துக்கொண்ட வனவாசத்தில் இருந்தார். ஆசையை அடக்கு, விதிக்குத் தலைவணங்கு, கையில் இருக்கும் பூ வாடுமுன் அமைதியாகப் பார்த்துக்கொண்டிரு என்பது அவர் உபதேசம். நேர் எதிரானவர் ஆல்வாரோ டி காம்போஸ்: டவீரா என்ற கடற்கரையூரில் பிறந்து ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் கப்பல் என்ஜினீயரிங் படித்தவர், நெட்டையர், ஒற்றைக் கண்ணாடி அணிபவர். முதலில் சக்கரங்களையும் துறைமுகங்களையும் பாடி ஆர்ப்பரித்தவர், பின்னாளில் எதிரே உள்ள புகையிலைக் கடையை ஜன்னல் வழியே வெறித்துப் பார்த்தபடி, தாம் ஒன்றுக்கும் உதவாமற் போனதைப் பாடினார். 1928-இல் எழுதிய அந்தப் புகையிலைக் கடைக் கவிதைதான் என் அபிப்பிராயத்தில் பெட்டி முழுவதிலும் மிகப் பெரியது.

பாஷை கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு விஷயம் தனி ருசி. மூவரும் வெவ்வேறு இலக்கணத்தில் எழுதுகிறார்கள்! கயேரோவின் போர்ச்சுகீஸ் மோசமானது என்று பெஸோவாவே மார்க்குப் போடுகிறார். காம்போஸ் சுமாராக எழுதுவார். ஆனால் சில வழுக்கள் அவரிடம் தவறாமல் வரும். ரெய்ஸ் தம்மைவிடச் சுத்தமாக எழுதுவார், ஆனால் பண்டிதத்தனம் அதிகம் என்பது பெஸோவாவின் புகார். பிழையின்றி எழுதத் தெரிந்தவன் வேண்டுமென்றே, ஒரே மாதிரியாக, இருபது வருஷம் பிழை செய்வது எவ்வளவு கஷ்டமான வித்தை என்பது நோட்டுப் புஸ்தகம் திருத்தும் என் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

இவர்கள் ஒருவரோடொருவர் சும்மா இருக்கவுமில்லை. குருவின் நூலுக்கு ரெய்ஸ் முகவுரை எழுதினார். காம்போஸ் குருவைப் பற்றி நினைவுக் குறிப்புகள் எழுதினார். ரெய்ஸின் செய்யுளைக் காம்போஸ் குறை கூறினார். 1924-இல் பெஸோவா தாமே ஆசிரியராக இருந்த ஒரு சஞ்சிகையில் எழுதிய கருத்தை, அதே சஞ்சிகையில் காம்போஸ் மறுத்தெழுதினார். தம் பத்திரிகையில் தம்மையே கண்டிக்க இடங்கொடுத்த அப்படிப்பட்ட பத்திராதிபர் கிடைப்பது அருமை!

விளையாட்டு சில சமயம் விபரீதமாயிற்று. 1915-இல் ‘ஓர்பெயு’ என்ற சஞ்சிகையை ஸா கார்னேரோ முதலிய நண்பர்களோடு அவர் நடத்தினார். இரண்டே இதழ்கள் வந்தன. லிஸ்பன் முழுவதும் சிரித்தது, சீறியது. அந்த ஜூலை மாதத்தில் அபோன்ஸோ கோஸ்டா என்ற பெரிய அரசியல் தலைவர், வெடிகுண்டு என்று பயந்து டிராம் வண்டியிலிருந்து குதித்துப் படுகாயமடைந்தார். காம்போஸ் அதைக் கேலி செய்து ஒரு பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். ஊர் கொதித்தது, கூட்டாளிகளே தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பகிரங்கமாக விலகிக்கொண்டார்கள். கற்பனை மனிதன் வாய்க்கொழுப்புக்கு நிஜ மனிதன் தலை குனிய வேண்டி வந்தது. மறு வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி பாரிஸில் ஸா கார்னேரோ விஷம் அருந்தி இறந்தார். வயது 25. அதன் பிறகு பெஸோவாவுக்கு அத்தகைய நிஜ நண்பர் வாய்க்கவேயில்லை.

இதைவிடத் துயரமான கதை ஒன்று உண்டு. 1920-இல், தாம் வேலை பார்த்த கம்பெனிக்குக் குமாஸ்தாவாக வந்த 19 வயதுப் பெண் ஒபீலியாவிடம் அவர் மனத்தைப் பறிகொடுத்தார். அவருடைய காதல் கடிதங்கள் குழந்தை மழலையும் செல்லப் பெயர்களும் நிறைந்தவை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் சில நாட்களில் அவர் சந்திக்க வரும்போதே, “இன்று நான் வரவில்லை, என் சிநேகிதர் காம்போஸ் வந்திருக்கிறார்” என்பாராம். அன்றெல்லாம் பேச்சும் நடையும் வேறாக இருக்குமாம். ஒபீலியாவுக்குக் காம்போஸைப் பிடிக்கவில்லை. எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்? அதே வருஷம் நவம்பர் 29-ஆம் தேதி பெஸோவா விடைபெறும் கடிதம் எழுதினார். தம் விதி வேறொரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, அதை அவள் அறியமாட்டாள் என்பது அதன் கருத்து. ஒன்பது வருஷம் கழித்து உறவு மறுபடி துளிர்த்தபோது காம்போஸ் முன்னைவிடத் துணிந்துவிட்டார். பெஸோவாவை மனத்திலிருந்து தூக்கி எறியும்படி 1929 செப்டம்பரில் அவளுக்குத் தாமே கடிதம் போட்டார்! சில மாதங்களில் எல்லாம் முடிந்தது. அக்கடிதங்களை ஒபீலியா அரை நூற்றாண்டுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். அவை 1978-இல் புஸ்தகமாயின. கவிஞர்கள் ஆயிரம் பேராக மாறட்டும். கடற்கரைக்கு உலாவப் போகலாமென்று காத்திருக்கும் பெண்ணுக்கு ஒரே ஒருவன்தானே வேண்டும்? இந்த இடத்தில் என் அனுதாபம் முழுவதும் ஒபீலியாவின் பக்ஷந்தான்.

அப்படியானால் இது பைத்தியமா, பாசாங்கா? தமக்குள் ஒரு விதமான நரம்பு வியாதி இருந்திருக்கலாம், அது உள்ளுக்குள் திரும்பிக் கவிதையாக வெளிப்பட்டிருக்கலாம் என்று அவரே வைத்தியரைப் போல் நிதானமாக எழுதியிருக்கிறார். வியாதியை இவ்வளவு தெளிவாக விளக்குகிறவரை வியாதியஸ்தர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வேறொரு காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. போர்ச்சுகல் சிறிய தேசம். ஒரு காலத்தில் கடல்களை ஆண்டு, பிறகு பழம்பெருமையை நினைத்தே காலம் தள்ளியது. 1908-இல் அதன் அரசர் நடுத்தெருவில் சுடப்பட்டார், 1910-இல் குடியரசு, 1926-இல் ராணுவப் புரட்சி. 1912-இல், இருபத்து மூன்று வயதில், பெஸோவா ஒரு கட்டுரை எழுதினார். மகாகவி கமோயன்ஸை மிஞ்சும் ஒரு மகாகவி சீக்கிரம் இந்நாட்டில் தோன்றப் போகிறார் என்பது அதன் ஜோசியம். இரண்டு வருஷம் பார்த்தார். யாரும் வரவில்லை. வறண்டுபோன தேசத்துக்கு ஓர் இலக்கியமே வேண்டியிருக்கும்போது ஒரு கவி எப்படிப் போதுவார்? ஆகவே ஆசான், மாணாக்கர், விமரிசகர், எதிர்க்கட்சி எல்லாவற்றையும் தாமே உண்டுபண்ணினார் என்று கொள்வது தவறாகாது.

அந்தத் தேசபக்தியின் பலனே அவர் தம் சொந்தப் பெயரில் 1934 டிசம்பரில் வெளியிட்ட ‘மென்ஸாஜெம்’ என்ற நூல். ‘செய்தி’ என்று பொருள். சர்க்கார் பிரசார இலாகா நடத்திய போட்டியில் அதற்கு இரண்டாம் வகைப் பரிசு கிடைத்தது. பழைய மாலுமிகளையும் மன்னர்களையும் அது பாடுகிறது. வாஸ்கோட காமாவும் அதில் உண்டு. நம்மால் அந்தப் பகுதியை அவர்கள் படிப்பதுபோல் படிக்க முடியாது. 1502-இல் காமா இரண்டாம் முறை வந்து கள்ளிக்கோட்டையைப் பீரங்கியால் சுட்டதையும், 1961 வரை கோவாவில் பறந்த கொடியையும் நாம் எப்படி மறப்போம்? ஆனால் பரிசு கொடுத்த சர்க்காருக்கு அவர் துதி பாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1935 பிப்ரவரியில், இரகசியச் சங்கங்களைத் தடை செய்யும் மசோதாவை எதிர்த்துத் தம் சொந்தப் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார். சர்வாதிகாரி ஸலஸாரைக் கேலி செய்து கவிகளும் எழுதினார். அந்தக் கட்டுரையில் அவர் எந்தக் கற்பனை மனிதரின் முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளவில்லை.

போர்ச்சுகீசிய பாஷையில் ‘பெஸோவா’ என்றால் ஆள், நபர் என்று பொருள். லத்தீனில் நாடக வேஷத்தின் முகமூடியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. யாரோ வேண்டுமென்று வைத்த பெயரல்ல, குடும்பப் பெயர்!

பெட்டியிலிருந்து கவிதைகள் 1942 முதல் தொகுதி தொகுதியாக வெளிவரலாயின. முலாம் பூசுவோர் தெருவில் உதவிக் கணக்கராக இருந்த பெர்னார்டோ சுவாரிஸ் என்ற மற்றொரு கற்பனை ஆசாமியின் நாட்குறிப்பு, நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. அதைக் கோத்து ‘அமைதியின்மையின் புஸ்தகம்’ என்று வெளியிட 1982 ஆயிற்று. துண்டுகளின் வரிசை என்ன என்பதைப் பற்றிப் பதிப்பாசிரியர்கள் பிறகும் வாதாடியிருக்கிறார்கள். பெட்டியின் காகிதங்கள் 1979-இல் போர்ச்சுகல் தேசீய நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. 1985-இல் அவருடைய எலும்புகளை எடுத்துக்கொண்டு போய் லிஸ்பனில் ஜெரோனிமோஸ் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய கல்லறைத் தூணில் கயேரோ, ரெய்ஸ், காம்போஸ் மூவரின் வரிகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே மடாலயத்து ஆலயத்தில்தான் வாஸ்கோட காமாவும் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில், மரணத்துக்கு முதல் நாள், அவர் பென்ஸிலால் ஒரு வரி எழுதினார். நாளை என்ன கொண்டுவருமோ அறியேன் என்பது அதன் பொருள். அதை எழுதியது தாய்பாஷையிலல்ல, டர்பன் பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷில்.

கயேரோவுக்கு மரண வருஷம் குறித்தவர், ரெய்ஸுக்குக் குறிக்க மறந்துவிட்டார். அந்த வேலையை ஜோஸே ஸரமாகோ என்ற நாவலாசிரியர் 1984-இல் செய்து முடித்தார். பெஸோவா இறந்த செய்தி கேட்டு ரெய்ஸ் பிரேஸிலிலிருந்து கப்பலேறி லிஸ்பனுக்கு வருகிறார். ஆவியாக வரும் பெஸோவாவோடு பேசுகிறார். 1936-இல் அவரோடேயே போய்விடுகிறார் என்பது அந்த நாவல். ஆல்வாரோ டி காம்போஸ் மட்டும், 1935-ஆம் வருஷக் கடிதத்தின்படி, வேலையில்லாமல் லிஸ்பனில் இருக்கிறார். அவருக்கு மரணத் தேதி குறிக்கப்படவேயில்லை.